ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை

இருபது கிலோ சுண்ணாம்பு, இருநூறு லிட்டர் தண்ணீர்,
ஒட்டிக்கொள்ள நூறு மில்லி ஃபெவிகால்.
நாகலூரில், பெருமாயியின் களத்தில்,
மூன்றாம் முறையாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவள் பீப்பாய் கழுவுவதை நிறுத்தவில்லை.

"செவுத்துக்கு அடிக்கறத செடிக்கு அடிக்கச் சொல்றீங்க."

ஆமாம் என்றேன்.
தண்டுத் துளைப்பான் பட்டையின் வெடிப்பில் முட்டையிடும்,
வெடிப்பை அடைத்துவிட்டால்
என்று தொடங்கி
அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டேன்.

உள்ளே போய் ஒரு பாலிதீன் பை கொண்டுவந்தாள்.
ரேஷன் கார்டு, பட்டா நகல்,
அவற்றுக்கு அடியில் மடிப்பில் கிழிந்த ஒரு தாள்.
லிண்டேன் மருந்தைத் தண்டில் நன்றாகத் தேய்க்கவும்.
அது அச்சான ஆண்டில் நான் அம்மாப்பேட்டையில்
இரண்டாம் வகுப்பு.

"இதுவும் நீங்கதான?"

அதே மூன்று சிங்கம். அதே அலுவலகம்.

"எங்கப்பன் வெறுங்கையில தேச்சாரு. பத்து வருசம்.
அப்பறம் கை ஆடும். டம்ளரு நிக்காது.
இந்த மருந்தாலயா?"

ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.
பரிசோதிக்காமல் சொல்ல முடியாது.
இறந்தவரைப் பரிசோதிக்க முடியாது.
மூன்றும் சரியான பதில்.
மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால்
ஓடிப்போகிறவனின் காலடித் தடம்.

"தெரியல" என்றேன்.

"அப்ப சுண்ணாம்பு மட்டும் தெரியுமாக்கும்."

இறங்கும் பேருந்தில் அவளிடம் வாதாடிக்கொண்டே வந்தேன்,
கொண்டை ஊசி வளைவுக்கு ஒன்றாக.
லிண்டேனை நிறுத்தச் சொன்னதும் நாங்கள்தான்.
தப்பைத் தப்பென்று சொல்வதுதான் எங்கள் வேலையே.
திருத்திக்கொள்ளாதவனையா நம்புவாய்?
பதினேழாம் வளைவில் யாரோ வாந்தி எடுத்தார்கள்.
திருத்தம் எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை,
அவள் அப்பாவுக்கு அது வந்து சேரவே இல்லை,
என்பது அடிவாரத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது.

அன்று இரவு வீட்டு வாசலில் தண்ணீர் கேன்காரர்.
எங்கள் தெருக் குழாய் நீர் நல்ல நீர் என்று
சான்று எழுதியவர் என்னோடு படித்தவர்,
கெட்டிக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர்.
முப்பது ரூபாய் கொடுத்து
கேனை உள்ளே உருட்டிக்கொண்டேன்.

தை மாதம், பழம் பறித்து முடிந்த பிறகு
மறுபடி மேலே போனேன்.
எதிர்ச் சரிவிலிருந்தே தெரிந்தது:
ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை கறுப்பு,
சில்வர் ஓக் நிழலுக்குள் கடைசிவரை அப்படியே.
எனக்குக் கோபம் வந்தது.

"சுண்ணாம்பு பத்தலயா?"

"மிச்சமே கெடக்குது. உங்கள நம்பல.
அதான் ஒண்ணு விட்டு ஒண்ணு.
எது சாகுதுன்னு பாப்போம்னு."

தண்டில் வரம்பு தட்டிய செடிக்கெல்லாம்
பழைய பாவாடை கிழித்துச் சிவப்புத் துணி கட்டியிருந்தாள்.
பண்டசாலைக் கதவில் கரிக்கோடுகள்:
வெள்ளையில் நாலு, கறுப்பில் ஒன்பது.
நான் எழுதித் தந்திருந்தால்கூட
இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

"அஞ்சு வித்தியாசம். போதுமா?"

போதும் என்று சொல்ல நாக்கு எழுந்தது.
மூன்று வருடமாக இந்த மலையில்
எனக்குக் கிடைத்த முதல் நல்ல எண் அது.

"போதாது. மேல் வரிசையில நெழல் கம்மி.
வெயில் படுற செடிக்குத்தான் வண்டு அதிகமா வரும்.
அதனாலயும் இருக்கலாம். இன்னொரு வருசம் பாக்கணும்,
வெள்ளையையும் கறுப்பையும் மாத்திப் போட்டு."

கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்,
சந்தையில் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல.

"இப்படிப் பேசியிருந்தா
போன வருசமே உக்காரச் சொல்லியிருப்பனே."

உட்காரச் சொன்னாள் என்று எழுத ஆசை.
சொல்லவில்லை. களத்தில் காய் புரட்டும் நேரம்.
கதவில் இன்னொரு கட்டம் கிழித்து
அதை வெறுமையாக விட்டாள்.
என் புதுத் தாளை வாங்கி நாலாக மடித்து
அந்தப் பாலிதீன் பையில் வைத்தாள்,
பழைய தாளின்மேல்,
இரண்டு முத்திரைகளும் ஒன்றோடொன்று ஒட்டும்படி.